குதிக்கும் முன் உரசிப் பார்!

செவ்வாய்ப்பேட்டையில் யாரும் எதையும் பார்க்காமல் வாங்கிவிட மாட்டார்கள். வெல்ல மண்டிக்கு வருகிறவர் ஒரு துண்டை உடைத்து, நிறம் பார்த்து, நுனி நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார். லீ பஜாரில் பருப்பு வாங்குகிறவர் ஒரு கை அள்ளி ஊதிப் பார்ப்பார். கொலுசுப் பட்டறைகளில் கேட்கவே வேண்டாம். எத்தனை டச், எவ்வளவு எடை என்று தெரியாமல் வெள்ளி கைமாறாது. ‘நம்ம ஆளுதானே’ என்று சொன்னால், ‘ஆளு நம்ம ஆளுதான், வெள்ளியக் குடுங்க பாக்கலாம்’ என்று சிரித்துக்கொண்டே பதில் வரும். அதை யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை.

அப்படி ஒரு பட்டறை வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். சனி, ஞாயிறு விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறாள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மெதுவாக ஆரம்பிக்கிறாள்.

“அப்பா, ஆபீஸ்ல நாலு பேரு சேர்ந்து ஸ்கைடைவிங் போறோம்.”

“அப்படின்னா?”

“ஏரோப்ளேன்ல இருந்து குதிக்கிறதுப்பா. பாராசூட் கட்டிக்கிட்டு.”

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அப்பாயி நிமிர்ந்து பார்க்கிறார். “வாசப்படியில வழுக்கி விழுந்ததுக்கே எனக்கு ஆறு மாசம் நடமாட்டம் இல்ல. நீ வானத்துல இருந்து விழப்போறியா கண்ணு?”

அப்பா கோபப்படவில்லை. “வேண்டாம்” என்றும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார். “யாரு சொல்லித் தர்றாங்க?”

“தெரியலப்பா. இன்ஸ்டாகிராம்ல வீடியோ பார்த்தோம். சூப்பரா இருந்துச்சு. அட்வான்ஸ் கட்டியாச்சு.”

“வெள்ளியா இருந்தா இப்படி வாங்குவியா கண்ணு?”

மகளிடம் பதில் இல்லை. ஆகாயத்திலிருந்து குதிக்க ஆசைப்படுகிற ஒவ்வொருவரும் முன்பணம் கட்டும் முன் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

கமலாபுரத்தில் நடந்தது

ஸ்கைடைவிங் எங்கோ வெளிநாட்டில் நடக்கிற விஷயம் என்று சேலத்துக்காரர்கள் நினைத்துவிட முடியாது. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், ஓமலூர் பக்கம் கமலாபுரத்தில் இருக்கிறது சேலம் விமான நிலையம். 2018-ல் சென்னைக்கு மீண்டும் விமானம் விடப்படுவதற்கு முன், சில ஆண்டுகள் அங்கே பயணிகள் விமானம் எதுவும் வராமல் இருந்தது. அந்த நாட்களில் அங்கே ஸ்கைடைவிங் முகாம் நடந்தது. வெளியூர்களிலிருந்தெல்லாம் இளைஞர்கள் வந்தார்கள்.

2014 மே மாதம் அந்த முகாமில் பெங்களூரிலிருந்து வந்த ஓர் இளம்பெண் விமானத்திலிருந்து குதித்தார். பாராசூட் விரியவேண்டியபடி விரியவில்லை. அவர் உயிரிழந்தார். போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. சில நாட்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் அதுதான் செய்தி.

தவறு யார் மீது என்பது சட்டம் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த பல வீடுகளில் ஒரே ஒரு முடிவுதான் எடுத்திருப்பார்கள்: ‘இந்த வேலையே வேண்டாம்.’ பெற்றவர்களின் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆசைப்படுகிற பிள்ளைகளை அந்தப் பயம் தடுத்து நிறுத்திவிடுவதில்லை. சொல்லாமல் போய்விடுவார்கள், அவ்வளவுதான். அப்போது கேள்வி கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். அதைவிட, விஷயத்தைத் தெரிந்துகொண்டு கேள்வி கேட்பது நல்லது.

எவ்வளவு ஆபத்து?

உலகத்திலேயே அதிகம் பேர் குதிக்கும் நாடுகளில் ஒன்று அமெரிக்கா. அங்குள்ள பாராசூட் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கை வெளியிடுகிறது. 2023-ல் சுமார் 36 லட்சத்து 50 ஆயிரம் முறை குதித்திருக்கிறார்கள். இறந்தவர்கள் 10 பேர். 1970-களில் ஆண்டுக்கு 40 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள்.

வானம் மாறவில்லை, பூமியின் ஈர்ப்பும் மாறவில்லை. கருவிகளும் பயிற்சி முறையும் மாறின. ஒவ்வொரு விபத்தையும் மூடி மறைக்காமல், என்ன நடந்தது என்று பிரித்துப் பார்த்து, அடுத்தவருக்குச் சொல்லித் தந்தார்கள். ஆகவே ஸ்கைடைவிங் பாதுகாப்பானதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. இந்த இடத்தில், இந்தக் கருவியோடு, இந்த ஆளோடு குதித்தால் பாதுகாப்பா என்றுதான் கேட்க வேண்டும். வெள்ளி சுத்தமா என்று யாரும் பொதுவாகக் கேட்பதில்லை அல்லவா? கையில் இருக்கும் இந்தக் கொலுசு எப்படி என்றுதானே பார்ப்போம்!

ஏற்காட்டின் மேல் இன்னோர் ஏற்காடு

புதியவர்கள் பெரும்பாலும் 10,000 அடி அல்லது அதற்கு மேலிருந்து குதிக்கிறார்கள். ஏற்காடு சுமார் 5,000 அடி உயரம். ஏற்காட்டின் மேல் இன்னோர் ஏற்காட்டைத் தூக்கி வைத்தால் எவ்வளவோ, அவ்வளவு.

குதித்த சுமார் 10 வினாடிகளில் 1,000 அடி கீழே வந்திருப்பார்கள். அதற்குள் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். அதற்கு மேல் வேகம் கூடாது. காற்றின் தடையும் உடலின் எடையும் சமமாகிவிடும். அதன்பிறகு ஒவ்வோர் 1,000 அடிக்கும் ஐந்தரை வினாடிதான். இந்தக் கணக்கு முக்கியம். தரையிலிருந்து 2,500 அடி உயரத்தில் பாராசூட் விரியாமல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தால், அவருக்கு மிச்சமிருப்பது சுமார் 14 வினாடி. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்!

அந்த 14 வினாடியில் யாராலும் புதிதாக யோசித்துச் செயல்பட முடியாது. ஏற்கெனவே கைக்குப் பழகியதைத்தான் செய்ய முடியும். ஸ்கைடைவிங் பயிற்சி முழுவதும் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

மூன்று வழிகள்

முதல்முறை குதிக்கிறவருக்கு மூன்று வழிகள் உண்டு. எது என்று தெரியாமலே பலர் பணம் கட்டிவிடுகிறார்கள்.

முதலாவது ‘டாண்டம்’. பயிற்சியாளரின் மார்போடு புதியவரைப் பட்டைகளால் நான்கு இடங்களில் மாட்டிவிடுவார்கள். பாராசூட் பயிற்சியாளர் முதுகில் இருக்கும். இரண்டு பேர் எடை சேர்ந்தால் வேகம் கூடிவிடும் என்பதால், குதித்தவுடன் ஒரு சிறிய பாராசூட்டைப் பின்னால் விட்டு வேகத்தைக் கட்டுப்படுத்துவார்கள். சுமார் 5,000 அடியில் பெரிய பாராசூட் விரியும். அதன்பின் ஐந்தாறு நிமிடம் மிதந்தபடி இறங்கலாம். ‘ஒரு தடவை அனுபவிச்சுப் பார்க்கணும்’ என்கிறவர்களுக்கு இதுதான் சரி. அரை மணி நேர விளக்கம் போதும். புதியவர் செய்யவேண்டியது குறைவு. குதிக்கும்போது இடுப்பை முன்னால் தள்ளி உடலை வில்லாக வளைக்க வேண்டும், இறங்கும்போது கால்களை உயர்த்திக்கொள்ள வேண்டும், சொன்னதைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது ‘ஸ்டாடிக் லைன்’. 3,000 முதல் 4,000 அடி உயரத்தில் தனியாகக் குதிக்க வேண்டும். பாராசூட்டோடு இணைந்த ஒரு பட்டையின் மறுமுனை விமானத்தில் மாட்டப்பட்டிருக்கும். ஆள் குதித்ததும் அந்தப் பட்டை இழுத்து பாராசூட்டை விரித்துவிடும். ராணுவத்தின் பாராசூட் வீரர்களும் இந்த முறையில்தான் பழகுகிறார்கள். விரிப்பதற்கு இழுக்க வேண்டியதில்லையே தவிர, விரிந்த பிறகு ஓட்டுவதும், சரியாக விரியாவிட்டால் சமாளிப்பதும் குதித்தவர் பொறுப்பு. ஆகவே இதற்கு முழுப் பயிற்சி வேண்டும்.

மூன்றாவது ‘ஏ.எஃப்.எஃப்.’ என்கிற முறை. 10,000 அடிக்கு மேலிருந்து குதிக்கும்போது இரண்டு பயிற்சியாளர்கள் இரண்டு பக்கமும் பிடித்தபடி கூடவே விழுவார்கள். கைச் சைகையால் திருத்துவார்கள். பாராசூட்டை மாணவரே விரிக்க வேண்டும். படிப்படியாகப் பயிற்சியாளரின் பிடி குறையும். ஸ்கைடைவிங்கைத் தொடர்ந்து கற்க நினைப்பவர்களுக்கான வழி இது. அமெரிக்காவில் முதல் நிலை உரிமம் வாங்கக் குறைந்தது 25 முறை குதித்திருக்க வேண்டும்.

‘தனியாகக் குதித்தால்தான் வீரம், இன்னொருவரோடு கட்டிக்கொண்டு குதிப்பதில் என்ன இருக்கிறது?’ என்று நண்பர்கள் கேலி செய்யலாம். நீச்சல் தெரியாதவர் முதல் நாளே காவிரியின் நடுவில் இறங்க வேண்டியதில்லை. கயிறு கட்டிக் கிணற்றில் இறங்கிப் பழகியவர்கள்தான் பிறகு ஆற்றைக் கடந்தார்கள்.

முதுகில் இரண்டு குடை

வெளியே பார்த்தால் ஒரு பைதான். உள்ளே இரண்டு பாராசூட்கள் இருக்கும். ஒன்று வழக்கமானது. இன்னொன்று அவசரத்துக்கான ‘ரிசர்வ்’.

வழக்கமான பாராசூட் சிக்கலாக விரிந்தால், முதலில் அதைக் கழற்றி விட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கழற்றுவதற்கு ஒரு கைப்பிடி, ரிசர்வை விரிக்க இன்னொரு கைப்பிடி. ஒரே இழுப்பில் பாராசூட் கழன்றுகொள்ள உதவும் மூன்று வளையப் பூட்டை 1970-களில் கண்டுபிடித்தவர் பில் பூத் என்ற அமெரிக்கர். டாண்டம் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரும் அவரே.

கழற்றிய பாராசூட் போகிற போக்கிலேயே ரிசர்வை இழுத்து விரிக்கும்படி இரண்டையும் ஒரு பட்டையால் இணைத்தும் வைக்கிறார்கள். மாணவர்களின் பைகளில் இது இருக்க வேண்டும்.

குதித்தவர் மயங்கிவிட்டால்? பதற்றத்தில் எதையும் இழுக்காமல் விட்டுவிட்டால்? அதற்கும் ஒரு கருவி இருக்கிறது. உள்ளங்கை அளவுள்ள சின்னக் கணினி ஒன்று காற்றழுத்தத்தைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். தரைக்கு 750 அடிக்குப் பக்கத்தில் வந்தும் ஆள் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வைக் கட்டியிருக்கும் கயிற்றைத் தானே வெட்டி விரித்துவிடும். இந்த வகையில் புகழ்பெற்ற ‘சைப்ரஸ்’ கருவி 1991-ல் ஜெர்மனியில் வந்தது. அதன்பிறகு இது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம்.

ஆனால் இவை எல்லாம் பையில் இருந்தால்தான் பயன். ரிசர்வ் பாராசூட்டை அதற்கென்றே உரிமம் பெற்ற ஒருவர்தான் மடிக்க வேண்டும். அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒருமுறை பிரித்துச் சோதித்து மறுபடி மடிக்க வேண்டும் என்பது விதி. மடித்தவர் பெயரும் தேதியும் எழுதிய அட்டை பையோடு இருக்கும். அந்த அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கேஸ் சிலிண்டர் வாங்கும்போது சீலைப் பார்ப்பதைப் போலத்தான்.

படிப்பு எல்லாம் தரையில்

இந்தியாவின் பாராசூட் வீரர்கள் ஆக்ராவில் விமானப்படை நடத்தும் பயிற்சிப் பள்ளியில் உருவாகிறார்கள். அடிப்படைப் பயிற்சியில் அவர்கள் குதிப்பது மொத்தம் ஐந்து முறை, அதில் ஒன்று இரவில். அந்த ஐந்துக்காக அவர்கள் தரையில் செலவிடுவது பல நாட்கள். மேடையிலிருந்து குதிப்பது, விழுந்து உருள்வது, பட்டையில் தொங்குவது என்று அலுத்துப்போகும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

இந்தியப் பெண்களில் ஸ்கைடைவிங்குக்கு வழிகாட்டியவரான ரேச்சல் தாமஸ் முதன்முதலில் 1979-ல் குதித்ததும் ஆக்ராவில்தான். ரயில்வேயில் வேலை பார்த்த அவர், 2002-ல் வட துருவத்தில் குதித்த முதல் இந்தியப் பெண் ஆனார். 2005-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆக்ராவில் குதித்த முதல் நாளுக்கும் வட துருவத்துக்கும் நடுவே 23 ஆண்டுகள். அவசரப்பட வேண்டிய விளையாட்டு இல்லை இது என்பதற்கு அந்த ஆண்டுக் கணக்கே சாட்சி.

தனியாகக் குதிக்கப்போகிற புதியவருக்கும் தரைப் பயிற்சியில் மூன்று விஷயங்கள் கைவர வேண்டும்.

ஒன்று, உயரம் பார்ப்பது. மணிக்கட்டில் ‘ஆல்டிமீட்டர்’ இருக்கும். வேடிக்கை பார்ப்பதில் அதை மறந்துவிடக் கூடாது.

இரண்டு, பாராசூட்டைச் சோதிப்பது. விரிந்ததும் அண்ணாந்து பார்க்க வேண்டும். சதுரமாக முழுசாக விரிந்திருக்கிறதா? ஆடாமல் நிதானமாக இருக்கிறதா? இழுத்த பக்கம் திரும்புகிறதா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் சரி. இல்லையென்றால் ரிசர்வ். மாணவர்கள் இந்த முடிவை 2,500 அடிக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது அமெரிக்கச் சங்கத்தின் பரிந்துரை. ‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்’ என்று காத்திருப்பதுதான் ஆபத்து.

மூன்று, அவசரக் கைப்பிடிகள். பட்டையில் தொங்கவிட்டு, ‘இப்போது சிக்கல்!’ என்று பயிற்சியாளர் கத்த வேண்டும். மாணவர் பார்த்து, பிடித்து, சொல்லித்தந்த வரிசையில் இழுத்துக் காட்ட வேண்டும். ஒருமுறை சரியாகச் செய்தால் போதாது. தவறாமல் செய்கிறவரை செய்ய வேண்டும். அப்படித் தொங்கவிட்டுப் பழக்காமல், பலகையில் படம் போட்டுக் காட்டிவிட்டு ‘எல்லாம் சரியாயிடும்’ என்று தனியாகக் குதிக்க அனுப்புகிற இடத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிவிடுவதே நல்லது.

விரிந்த பிறகும் கவனம்

பாராசூட் விரியாவிட்டால்தான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். அனுபவசாலிகள் வேறு மாதிரி சொல்வார்கள். நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழேயே பல விபத்துகள் நடக்கின்றன. தரைக்குப் பக்கத்தில் வந்தபின் வேகமாகத் திருப்புவதுதான் முக்கியக் காரணம். திருப்பும்போது பாராசூட் சரிந்து வேகமாகக் கீழே பாயும். உயரத்தில் அது விளையாட்டு. தரையருகே அதற்கு இடமில்லை.

ஆகவே கீழே வந்த பிறகு புதியவர் செய்யவேண்டியது எளிமையானது. காற்றுக்கு எதிராக முகம் வைத்து நேராக வர வேண்டும். நினைத்த இடத்தில் இறங்க முடியாவிட்டால் பரவாயில்லை, பக்கத்தில் உள்ள காலி நிலத்தில் இறங்கலாம். தரைக்குச் சுமார் 10 அடி இருக்கும்போது இரண்டு கைகளையும் ஒன்றாகக் கீழே இழுக்க வேண்டும். பாதமும் முழங்காலும் ஒட்டியிருக்க வேண்டும். நின்றபடி இறங்கி போட்டோவுக்குப் போஸ் கொடுக்க நினைக்காமல், விழுந்து உருளத் தயாராக இருக்க வேண்டும்.

சான்றிதழ் எங்கே?

மகள் கேட்கத் தயங்குகிற கேள்வி இதுதான். ‘எப்படிப்பா கேக்கிறது? தப்பா நினைச்சுக்க மாட்டாங்களா?’

கேட்காமல் விட்டதன் விலை என்ன என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் மீட்பு ஒத்திகை நடந்தது. மாடியிலிருந்து மாணவர்களைக் கீழே விரித்துப் பிடித்த வலைக்குள் குதிக்க வைத்தார்கள். ஒரு மாணவி சன்ஷேடில் மோதி இறந்துபோனார். ‘அந்தப் பயிற்சியாளருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை’ என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிறகு சொன்னது. அந்தக் காணொளியைப் பார்த்து நாடே பதறியது. மாடிப்படி ஏறும் முன்பே ஒருவர், ‘உங்க சான்றிதழைக் காட்டுங்க சார்’ என்று கேட்டிருந்தால்?

நம் நாட்டில் வான்வழி விளையாட்டுகளுக்கென்று 2022 ஜூனில் மத்திய அரசு தேசியக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. பாராசூட் குதிப்பும் அதில் உண்டு. கருவிகளைப் பதிவு செய்வது, அமைப்புகள் தேசியச் சங்கத்தின்கீழ் வருவது, பாதுகாப்பு விதிகள் எல்லாம் அதில் பேசப்பட்டிருக்கின்றன. ஹரியானாவின் நார்னௌலில் ஸ்கைடைவிங் நடக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் உஜ்ஜயினியில் விழாவாகவே நடத்தியிருக்கிறார்கள். பலர் துபாய்க்கும் தாய்லாந்துக்கும் போய்க் குதித்துவிட்டு வருகிறார்கள். எங்கே போனாலும் கேட்கவேண்டிய கேள்விகள் ஒன்றுதான்:

• பயிற்சியாளரின் உரிமம் எந்த அமைப்பு கொடுத்தது? இன்றைய தேதிக்குச் செல்லுபடியாகிறதா? இதுவரை எத்தனை முறை குதித்திருக்கிறார்? (அமெரிக்காவில் டாண்டம் பயிற்சியாளராகக் குறைந்தது 500 குதிப்பும் 3 ஆண்டு அனுபவமும் வேண்டும்.)

• ரிசர்வ் பாராசூட்டைக் கடைசியாக மடித்தது யார், எப்போது?

• தானாக விரிக்கும் கருவி பையில் இருக்கிறதா? இயக்கி வைக்கப்பட்டிருக்கிறதா?

• விமானத்துக்கும் இடத்துக்கும் அனுமதி இருக்கிறதா?

• தரைப் பயிற்சி எத்தனை மணி நேரம்? பட்டையில் தொங்கவிட்டுப் பழக்குவார்களா?

• ஆம்புலன்ஸ் தயாராக நிற்குமா? பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம்?

• வானிலை சரியில்லாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு நாள் தருவார்களா?

கடைசிக் கேள்வி காசுக்கான கேள்வி மட்டும் இல்லை. பணம் போய்விடும் என்ற நிலை இருந்தால், மோசமான காற்றிலும் குதிக்கத் தோன்றும்.

நல்ல பயிற்சியாளர் இந்தக் கேள்விகளைக் கேட்டு எரிச்சலடைய மாட்டார். சந்தோஷப்படுவார். எரிச்சலடைந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கேட்பதோடு, மறைக்காமலும் இருக்க வேண்டும். இதய நோய், வலிப்பு, முதுகுத்தண்டுப் பிரச்னை, கர்ப்பம் ஆகியவை இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் போகக் கூடாது. சளி பிடித்திருந்தால் காதும் மூக்கும் படாதபாடு படும். எடையைக் குறைத்துச் சொல்வதும் தவறு, அந்த எண்ணை நம்பித்தான் கருவியைத் தேர்ந்தெடுப்பார்கள். முந்தைய நாள் ஸ்கூபா டைவிங் போயிருந்தால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். மதுவுக்கு அன்று இடமே இல்லை. கையெழுத்துப் போடும் படிவத்தை முழுசாகப் படிக்க வேண்டும். பல விபத்துக் காப்பீடுகளில் சாகச விளையாட்டு சேராது என்பதால் பாலிசியையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

அப்புறம், சேலத்துப் பெண்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் குறிப்பு: கொலுசைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். வளையல், தொங்கட்டான், துப்பட்டா எதுவும் கூடாது. கூந்தலை இறுக்கிக் கட்டி, கயிறு கட்டும் ஷூ போட வேண்டும்.

‘இன்னைக்கு வேண்டாம்’

ஸ்கைடைவிங்கில் மிகக் கடினமான வார்த்தை இது. லீவு போட்டாகிவிட்டது. பணம் கட்டியாகிவிட்டது. நண்பர்கள் கேமராவோடு நிற்கிறார்கள். ஆனால் காற்று வேகமாக இருக்கிறது. தனியாகக் குதிக்கும் மாணவர்களுக்கு மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டருக்கு மேல் காற்று இருந்தால் அமெரிக்காவில் அனுமதி இல்லை. கோடை மதியத்தில் திடீரென்று கிளம்பும் சூறைக்காற்றும், மாலை இடிமழையும் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தவை.

காற்றைப் பார்த்து, ‘இன்னைக்கு வேண்டாம், நாளைக்கு வாங்க’ என்று திருப்பி அனுப்புகிற இடம்தான் நல்ல இடம். மாணவருக்கும் அந்த உரிமை உண்டு. விமானம் ஏறும் முன் மட்டுமல்ல, 10,000 அடியில் கதவு திறந்த பிறகும் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லலாம். விமானத்திலேயே உட்கார்ந்து கீழே வந்துவிடலாம். அதில் எந்த வெட்கமும் இல்லை. யாராவது தள்ளிவிட முயன்றால் அவர் பயிற்சியாளரே இல்லை.

செவ்வாய்ப்பேட்டை வீட்டில், அந்த இரவு மகள் போனை எடுத்து ஒரு பட்டியல் எழுத ஆரம்பிக்கிறாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்கிறார். வெள்ளி வாங்கும்போது என்னவெல்லாம் கேட்பாரோ, கிட்டத்தட்ட அதே கேள்விகள்.

“எல்லாத்துக்கும் பதில் வரலைன்னா?”

“அட்வான்ஸ் போனா போகட்டும் கண்ணு. வேற இடம் பாக்கலாம். வானம் எங்கயும் போயிடாது.”

“எல்லாம் சரியா இருந்தா?”

அப்பா கொஞ்சம் யோசிக்கிறார். “சரியா இருந்தா எந்த ஊர்னு சொல்லு. நானும் கூட வர்றேன். கீழ நின்னு பாக்கிறதுக்கு.”

அப்பாயி வெற்றிலையை வாயில் போட்டுக்கொள்கிறார். “இறங்கினதும் மொதல்ல எனக்குப் போன் பண்ணிச் சொல்லோணும்” என்கிறார்.